மண்வெட்டி பாரமாவது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 63 வயது. முன்பு வரம்பு கட்டினால் ஒரு மணித்தியாலம் நிற்காமல் வெட்டுவேன். இப்போது கால் மணித்தியாலத்திலேயே தொடையும் தோளும் சோர்ந்துபோகின்றன. பிரஷரும் சீனியும் இல்லை என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். வயல் வேலை செய்கிற எனக்கும் உடற்பயிற்சி வேண்டுமா? (முள்ளியவளை வாசகர்)

பதில்: வேண்டும் ஐயா. தசைக்குள் இரண்டு வகை நார்கள் உண்டு. மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் உழைப்பது ஒரு வகை. சட்டென்று விசை கொடுத்து விரைவில் களைப்பது மற்றது. வயது போகப் போக அதிகம் மெலிவது இரண்டாவது வகைதான். முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. 60 தாண்டினால் வேகம் கூடுகிறது. பலமோ அதைவிட விரைவாக இறங்குகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 கிலோ தூக்க முடிந்த காலத்தில் 10 கிலோ ஈரமண் உங்களுக்குக் காற்பங்கு வேலை. தூக்கக்கூடியது 20 கிலோவாகிவிட்டால் அதே மண் அரைப்பங்கு வேலை. பலத்தில் பெரும்பங்கைச் செலவழித்து இறுகும் தசை, தன்னுள் ஓடும் இரத்தக் குழாய்களையே நெரிக்கிறது. ஒட்சிசன் வரத்துக் குறைய, சோர்வு முந்திக்கொள்கிறது. அதனால் உங்களுக்கு முதலில் தேவை பலம்.

வயல் வேலை அதைத் தராது. காலபோகத்தில் முறிந்து உழைக்கிறீர்கள். குளத்தில் தண்ணீர் காணாமல் சிறுபோகம் தவறினால் மாதக்கணக்கில் சும்மா இருக்கிறீர்கள். தசைக்கு அளந்து பாரத்தைக் கூட்டுவதும் வயலில் நடக்காது.

முதலில் சோதியுங்கள். கைப்பிடி இல்லாத, முழங்கால் உயரக் கதிரையைச் சுவரோடு சாத்துங்கள். கைகளை நெஞ்சில் குறுக்கே கட்டி, 30 செக்கனில் எத்தனை தரம் முழுதாக எழும்பி இருக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயது ஆண் 14 தரத்துக்குக் குறைவாக எழும்பினால் தொடைப் பலம் காணாது.

பயிற்சியும் அதே கதிரையில்தான். எழும்பும்போது மூச்சை விடுங்கள். மூன்று எண்ணி மெதுவாக இருங்கள். தொப்பென்று விழுந்து இருந்தால் பாதிப் பயன் போய்விடும். முழங்கால்கள் உள்ளே சாய்ந்தால் மூட்டு நோகும். மூச்சை அடக்கினால் பிரஷர் ஏறும். 8 முதல் 12 தரம், இரண்டு நிமிட ஆறுதல், இப்படி மூன்று சுற்று. கடைசி இரண்டு தரம் கடினமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாரம் போதாது. மூன்று சுற்றிலும் 12 இலகுவானால், ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலை நெஞ்சோடு அணைத்துச் செய்யுங்கள். பிறகு இரண்டு போத்தல். அதோடு கதவுநிலையைப் பிடித்துக் குதிக்கால் உயர்த்துவதும், இரு கைகளிலும் 5 லீற்றர் வாளியோடு 20 அடி நடப்பதும், சுவரில் கையூன்றித் தள்ளுவதும் சேரட்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள், இடையில் ஒரு நாள் விட்டு.

மற்ற நாட்களில் குளக்கட்டில் நடவுங்கள். கதைக்க முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். பத்து நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு 150 நிமிடம் வரை கூட்டுங்கள். கச்சான் காற்று வீசும் காலத்தில் வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். பாரப் பயிற்சியில் முதல் சில வாரங்களில் பலம் கூடுவது, தசையை இயக்கும் நரம்பின் திறமையால். தசை திரள இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். பயிற்சியின் நடுவில் நெஞ்சு இறுகினால் நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. காய்ச்சலில் பத்து நாள் படுக்கையில் கிடந்தா. இப்போது கிணற்றடிக்கே போக ஏலாமல் இருக்கிறா. இன்னும் ஓய்வெடுக்க விடுவதா? (நெடுங்கேணி வாசகி)

பதில்: காய்ச்சல் விட்டிருந்தால் வேண்டாம் தங்கச்சி. முதியவர்களுக்குப் பத்து நாள் படுக்கையே கால் தசையில் ஏறக்குறைய ஒரு கிலோவைக் கரைத்துவிடும். உயரமான கட்டில் விளிம்பில் இருந்து, நீங்கள் பக்கத்தில் நிற்க, ஐந்து தரம் எழும்பட்டும். காலை, மதியம், மாலை. வயது போய்விட்டதே என்று தயங்காதீர்கள். 1990இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் தொண்ணூறு வயதை ஒட்டியவர்கள் எட்டு வாரம் பாரப் பயிற்சி செய்து, தொடைப் பலத்தைச் சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேலாக்கினார்கள்.

சாப்பாட்டையும் பாருங்கள். பிளேன்டீயும் பாணும் தசையைக் கட்டாது. 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 50 முதல் 60 கிராம் புரதம் வேண்டும். முட்டையில் 6 கிராம், ஒரு கோப்பை பாலில் 8, ஒரு கோப்பை அவித்த கௌபியில் 13 கிராம் அளவில் உண்டு. நெத்தலியும் மீனும் மூன்று நேரமும் பிரித்துக் கொடுங்கள். சிறுநீரக வருத்தம் இருந்தால் டொக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டாதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால் அன்றே காட்டுங்கள்.

கேள்வி: முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். 55 வயதில் நடை விரைவில் களைக்கிறது. (கிளிநொச்சி வாசகர்)

பதில்: செயற்கைக் காலோடு நடக்க ஒவ்வொரு அடிக்கும் கூடுதல் சக்தி செலவாகும். அதைச் சுமப்பது இடுப்பு. காலைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்துத் தொடையைப் பின்னால் உயர்த்துங்கள். பக்கவாட்டில் படுத்து மேலே உயர்த்துங்கள். ஒவ்வொன்றும் 10 தரம், மூன்று சுற்று. நெடுநேரம் இருந்தே பழகினால் இடுப்பு மடங்கி இறுகிவிடும், அதற்குத் தினமும் 15 நிமிடம் குப்புறப் படுப்பது மருந்து. நடந்து கழற்றியபின் தோல் சிவப்பு இருபது நிமிடத்தில் மறையாவிட்டால் நடையைக் குறைத்து, கால் செய்து தந்த இடத்தில் பொருத்தத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.