குழந்தையின் இதய ஓட்டையை டிவைஸ் வைத்து மூடினால் பிற்காலத்தில் தொல்லை வருமா?

மகளுக்கு ஐந்து வயது, இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே ஓட்டை, டாக்டர் டிவைஸ் போதும் என்கிறார், வீட்டுப் பெரியவர்களோ 'பிள்ளை நெஞ்சுக்குள் இரும்பா?' என்று கலங்குகிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். இதே சொற்களை என் மாமியார் வாயிலும் கேட்டிருக்கிறேன். அதனால்தான் இந்தப் பதில்.

ஓட்டை செகண்டம் வகையாக (மேலறைகளுக்கு இடையிலுள்ள சுவரின் நடுப்பகுதியில் இருப்பது) இருந்து, சுற்றிலும் டிவைஸ் பற்றிக்கொள்ளப் போதிய விளிம்பும் இருந்தால் தைரியமாகச் செய்யுங்கள். அது இரும்பு அல்ல. நிக்கலும் டைட்டானியமும் கலந்த கம்பி வலை. ஏறத்தாழ ஆறு மாதத்தில் இதயத்தின் சொந்தத் திசுவே அதன்மேல் படர்ந்துவிடும். அதுவரை ஆஸ்பிரின் தருவார்கள். பிள்ளை வளர்கிறாள் என்பதற்காக டிவைஸை மாற்ற வேண்டியதில்லை.

2002இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஒப்பீடு ஒன்றில், சிக்கல் வந்தவர்கள் டிவைஸ் தரப்பில் 7 சதவீதம், அறுவை சிகிச்சைத் தரப்பில் 24 சதவீதம். ஓட்டையை மூடுவதில் மட்டும் அறுவை சிகிச்சை சற்று மேல். அது நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு தரப்பாகப் பிரித்துச் செய்த ஆய்வு அல்ல என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனாலும் இன்று உலகமெங்கும் இந்த வகை ஓட்டைக்கு டாக்டர்கள் முதலில் யோசிப்பது டிவைஸைத்தான்.

என் மகனுக்கும் இதே ஓட்டைதான்; மகாதமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) பக்கத்து விளிம்பு குறைவாக இருந்தது. மயக்கம் கொடுத்து, வாய்வழியாக எக்கோ (இதய ஸ்கேன்) குழாயை இறக்கிப் பார்த்துக்கொண்டே, தொடை இடுக்கிலுள்ள சிரை வழியாக டிவைஸைக் கொண்டுபோனார்கள். வைத்ததும், டிவைஸ் மாட்டியிருக்கும் கம்பியான கேபிளை இழுத்துச் சோதிப்பார்கள். அந்த இழுப்பில் முதல் டிவைஸ் நழுவிவிட்டது. கேபிளிலிருந்து கழற்றாதவரை அதைக் கொண்டுபோன குழாய்க்குள்ளேயே சுருக்கி வெளியே எடுத்துவிடலாம். அப்படியே எடுத்தார்கள். டாக்டர் வெளியே வந்து, "இன்னொரு அளவு வைத்துப் பார்க்கிறேன் அம்மா. அதுவும் உட்காரவில்லை என்றால் வற்புறுத்த மாட்டேன், அறுவை சிகிச்சைக்குப் போய்விடலாம்" என்றார். அடுத்தது அசையாமல் நின்றது. மாலையில் அவன் இட்லி கேட்டான். மறுநாள் எக்கோ பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். கைவிட வேண்டிய இடத்தில் கைவிடத் தயாராக இருந்த அந்த டாக்டரை இன்றும் கைகூப்பி நினைக்கிறேன். உங்கள் டாக்டரிடமும் "உட்காரவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள்.

ஆபத்தை மறைக்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். டிவைஸ் உராய்ந்து இதயச் சுவரை அரிப்பதும் உண்டு. ஆயிரத்தில் ஒருவர் முதல் மூவருக்கு அப்படி நேர்வதாகப் பதிவாகியிருக்கிறது. பெரும்பாலும் முதல் வருடத்துக்குள், சில சமயம் பல வருடங்கள் கழித்தும். ஆகவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம் எது வந்தாலும் உடனே எக்கோ எடுக்க வேண்டும். எல்லாம் நன்றாக இருந்தாலும் பரிசோதனைக்குப் போவதை நிறுத்தாதீர்கள். கீழறை ஓட்டை என்றால் கணக்கே வேறு. அங்கே இதய மின்னோட்டப் பாதை பக்கத்திலேயே ஓடுவதால் துடிப்பு தடைப்படும் அபாயம் உண்டு. என் பதிலை அதற்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

எங்களுக்கு வந்த தொல்லை பள்ளிக்கூடத்தில்தான். ஓடலாம், கபடியும் ஆடலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் உடற்பயிற்சி ஆசிரியர் அவனை மைதான ஓரத்தில் உட்கார வைத்து மற்ற பிள்ளைகளின் செருப்புகளுக்குக் காவல் வைத்தார். கேட்டால், "ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?" அந்தக் கேள்வி வேறெந்தப் பிள்ளையின் பெற்றோரிடமும் கேட்கப்படுவதில்லை. ஓட்டை மூடப்பட்ட பிள்ளையை ஊர் இன்னும் ஓட்டையுள்ள பிள்ளையாகவே நடத்துவது எனக்குப் பொறுக்கவில்லை. கடைசியில் மருத்துவமனை முத்திரையோடு தனிக் கடிதம் கொடுத்த பிறகுதான் அவனை ஓட விட்டார்கள். ஆறு மாதப் பரிசோதனை முடிந்ததும், எந்த விளையாட்டெல்லாம் விளையாடலாம் என்று பெயர் சொல்லி நீங்களும் எழுதி வாங்கிவிடுங்கள்.