கன்சோல் வாங்கப் போகிறவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

தொண்ணூறுகளில் டிவி கேம் பெட்டியில் கேசட்டை ஊதி ஊதிச் செருகி கான்ட்ரா ஆடிய நாளிலிருந்து கன்சோலோடுதான் இருக்கிறேன். பிஎஸ்2 (சோனியின் பிளேஸ்டேஷன் 2), மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360, பிஎஸ்4, நின்டெண்டோவின் ஸ்விட்ச், பிஎஸ்5 எல்லாமே சொந்தக் காசில் வாங்கியவை. எந்தக் கம்பெனி பக்கமும் சாய வேண்டிய அவசியம் எனக்கில்லை. வந்த கேள்விகளுக்கு, காசு போட்டு வாங்கி ஆடியவனாக எனக்குப் படுவதைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, வேலைக்குச் சேர்ந்து 55,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். பிஎஸ்5 வாங்கவா, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் வாங்கவா? எக்ஸ்பாக்ஸுக்குத்தான் பவர் அதிகம் என்கிறார்களே?

பிஎஸ்5 வாங்கு தம்பி. பவர் கணக்கு காகிதத்தில் சரிதான். சீரிஸ் எக்ஸ் 12 டெராஃப்ளாப் (சிப் கணக்குப் போடும் வேகத்தின் அளவு), பிஎஸ்5 10.28. ஆனால் இரண்டுக்குள்ளும் இருப்பது ஏஎம்டி சிப், இரண்டிலும் 16 ஜிபி மெமரி. நண்பன் வீட்டில் ஒரே கேமை இரண்டிலும் மாற்றி மாற்றி ஓட்டி, ஐந்தடி தள்ளி உட்கார்ந்து பார்த்தோம். எது எதில் ஓடுகிறது என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

வித்தியாசம் கேம்களில் இருக்கிறது. 2024இல் ஹைஃபை ரஷ், சீ ஆஃப் தீவ்ஸ் என்று ஆரம்பித்து, 2025இல் ஃபோர்ஸா ஹொரைசன் 5 வரைக்கும் மைக்ரோசாஃப்ட் தன் சொந்தக் கேம்களையே பிஎஸ்5க்குக் கொண்டு வந்துவிட்டது. சோனியின் ஸ்பைடர்மேன் 2, ஆஸ்ட்ரோ பாட் போன்றவை எக்ஸ்பாக்ஸ் பக்கம் போகவில்லை. ஒரு பெட்டியில் இரண்டு வீட்டுச் சாப்பாடும் கிடைக்கிறது என்றால் அதைத்தான் வாங்க வேண்டும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. வீட்டில் பழைய எக்ஸ்பாக்ஸ் 360 டிஸ்க்குகள் அடுக்கி வைத்திருந்தால் சீரிஸ் எக்ஸைப் பார். பழைய டிஸ்க்குகளில் நிறைய அதில் ஓடும். பிஎஸ்5இல் பிஎஸ்4 டிஸ்க் ஓடும், பிஎஸ்3 டிஸ்க் ஓடாது.

அப்புறம், கையிலிருக்கும் காசு முழுவதையும் பெட்டியில் போட்டுவிடாதே. பிஎஸ்5இன் மெலிந்த மாடலான ஸ்லிம் 2024 ஏப்ரலில் இங்கே வந்தபோது டிஸ்க் டிரைவோடு விலை 54,990. பண்டிகைத் தள்ளுபடியில் சில ஆயிரம் குறையும். அந்த மிச்சத்தில் முதல் கேமை வாங்கு. நண்பர்களோடு ஆன்லைனில் ஆட பிஎஸ் பிளஸ் சந்தா வேறு கட்ட வேண்டும் என்பதையும் கணக்கில் வை. ஃபோர்ட்நைட் மாதிரி இலவச கேம்களுக்கு மட்டும் அது தேவையில்லை.

கேள்வி: டிஸ்க் டிரைவ் இல்லாத பிஎஸ்5 டிஜிட்டல் மாடல் பத்தாயிரம் ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது. டிஸ்க் டிரைவ் உண்மையில் அவசியமா ப்ரோ?

எனக்கு மிகவும் முக்கியமான கேள்வி இது. நம் ஊரில் டிஸ்க் டிரைவ்தான் கன்சோலின் பாதி மதிப்பு.

என் கணக்கையே சொல்கிறேன். ஒரு பெரிய கேமை 4,999க்கு வாங்கினேன். இரண்டு மாதத்தில் முடித்துவிட்டு 3,200க்கு விற்றேன். எனக்கு ஆன செலவு 1,799. அதே கேமை டிஜிட்டலில் வாங்கியவருக்கு முழு 4,999 போனது போனதுதான், விற்க வழியே இல்லை. வருடத்துக்கு மூன்று கேம் இப்படிக் கைமாறினால் நீங்கள் சொல்லும் பத்தாயிரம் ஒன்றே கால் வருடத்துக்குள் திரும்பிவிடும். நாங்கள் மூன்று பேர் ஆளுக்கு ஒரு டிஸ்க் வாங்கிச் சுற்றில் விடுகிறோம். அதில் இன்னும் மிச்சம்.

பணத்தைத் தாண்டியும் ஒரு காரணம் இருக்கிறது. நின்டெண்டோ 2023 மார்ச்சில் வீ யூ, 3டிஎஸ் என்ற தன் பழைய கன்சோல்களின் ஆன்லைன் கடைகளை மூடியது. எக்ஸ்பாக்ஸ் 360இன் கடை 2024 ஜூலையில் மூடப்பட்டது. அங்கே ஏற்கெனவே வாங்கியதை மறுபடி இறக்கிக்கொள்ளலாம், புதிதாக வாங்க முடியாது. டிஜிட்டலில் மட்டும் வந்த பல கேம்கள் அந்த நாளோடு விற்பனையிலிருந்தே மறைந்தன. அலமாரியில் டிஸ்க் இருந்தால் அது உங்களுடையது, தம்பிக்கும் கொடுக்கலாம்.

பழைய டிஸ்க் வாங்கும்போது டியூப் லைட்டுக்கு அடியில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். தலைமுடி மாதிரி மெல்லிய கோடுகள் இருந்தால் பயப்பட வேண்டாம், இந்தக் கேம்கள் வரும் ப்ளூரே டிஸ்க்கின் மேல் கெட்டியான பூச்சு உண்டு. நகத்தை ஓட்டினால் தட்டுப்படுகிற கீறல் இருந்தால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ப்ளூரேயில் தகவல் பதிந்திருக்கும் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. டிவிடியில் அது 0.6 மில்லிமீட்டர். அதனால் டிவிடியில் வந்த பழைய பிஎஸ்2 டிஸ்க் தாங்கிய அடியை இது தாங்காது.

டிஜிட்டல் மாடலை ஏற்கெனவே வாங்கியவர்கள் வருந்த வேண்டாம். ஸ்லிம் மாடல் என்றால் டிரைவைத் தனியாக வாங்கிப் பிறகும் மாட்டிக்கொள்ளலாம். முதல் முறை மாட்டும்போது மட்டும் இன்டர்நெட் வேண்டும்.

கேள்வி: சார், பையனுக்கு 11 வயது, பெண்ணுக்கு 8 வயது. செல்போனைப் பிடுங்கிவிட்டு ஸ்விட்ச் வாங்கித் தரலாமா என்று யோசிக்கிறேன். இவ்வளவு விலை கொடுப்பது தகுமா?

தாராளமாக வாங்குங்கள் அக்கா. இந்த வயதுக்கு அதைவிட நல்ல கன்சோல் கிடையாது. திரையின் பக்கவாட்டில் இருக்கும் ஜாய்கான் என்ற இரண்டு சின்ன கண்ட்ரோலர்களையும் கழற்றிப் பையனிடம் ஒன்று, பெண்ணிடம் ஒன்று கொடுத்தால் மரியோ கார்ட் ஆட ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டாவது கண்ட்ரோலருக்குத் தனியாகச் செலவு இல்லை. செல்போனில் ஆளுக்கொரு மூலையில் உட்காருகிறவர்கள் இங்கே ஒரே டிவி முன்னால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஆடுவார்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்பதை உங்கள் போனிலிருந்தே ஓர் ஆப்பில் குறித்துவிடலாம்.

வாங்கும்முன் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். நின்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. இங்கே கிடைப்பவை எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்தவை, வாரண்டி என்பது கடைக்காரர் கொடுக்கும் வாக்குதான். அதை பில்லில் எழுதி வாங்குங்கள். டிஸ்க்குக்குப் பதில் இதில் செருகும் கேம் கார்டுகளுக்கு நாட்டுக் கட்டுப்பாடு இல்லை, சிங்கப்பூரிலிருந்து யாராவது வந்தால் வாங்கி வரச் சொல்லலாம். லைட் என்ற சின்ன மாடலை வாங்காதீர்கள். அதை டிவியில் இணைக்க முடியாது, கண்ட்ரோலரும் கழலாது, இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகாது.

2025 ஜூன் 5 அன்று ஸ்விட்ச் 2 வந்துவிட்டது, அப்போது அமெரிக்காவில் 449.99 டாலர். உங்கள் பிள்ளைகளுக்கு இப்போதைக்குப் பழைய ஸ்விட்சே போதும். பழைய கேம்களில் பெரும்பாலானவை புதியதிலும் ஓடும் என்பதால் இன்று வாங்கும் கார்டு நாளைக்கு வீணாகாது.

ஜாய்கான் பற்றி ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கை வைக்காமலே ஸ்டிக் தானாக ஒரு பக்கம் இழுக்கும், டிரிப்ட் என்பார்கள். புகார் பெருகி, 2020இல் நின்டெண்டோ தலைவரே மன்னிப்புக் கேட்டார். ஆடி முடித்ததும் ஸ்டிக் அழுந்தாமல் மேசையில் வைக்கப் பழக்குங்கள்.

கேம் கார்டு ஒரு தபால்தலை அளவுதான். பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்ளக் கூடாது என்று டினட்டோனியம் பென்சோயேட் என்ற கசப்பு மருந்தை அதில் பூசியிருக்கிறார்கள். என் அக்கா மகள் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு அரை டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் குடித்தாள். அதற்குப் பிறகு அவள் கார்டை டப்பாவை விட்டு வெளியே வைத்ததே இல்லை.

கேள்வி: எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் + கேம் பாஸ். இதைவிட மலிவாக யாரும் ஆட முடியாது என்று என் நண்பன் சொல்கிறான். சரியா?

2021இல் கேட்டிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். 34,990க்கு வந்த பெட்டி, கூடவே கேம் பாஸ் என்ற மாதச் சந்தாவில் நூற்றுக்கணக்கான கேம்கள். இன்று அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். அந்தச் சந்தாவின் உச்ச வகையான கேம் பாஸ் அல்டிமேட் அமெரிக்காவில் 2025 அக்டோபரில் மாதம் 19.99 டாலரிலிருந்து 29.99 ஆனது. ஒரே தாவலில் பாதி விலை ஏறிய சந்தாவை நம்பி, டிஸ்க் டிரைவே இல்லாத பெட்டியை வாங்கினால் கடிவாளம் முழுக்க அவர்கள் கையில்தான்.

512 ஜிபி என்று போட்டிருந்தாலும் கேம் ஏற்ற மிஞ்சுவது 364 ஜிபிதான். நூறு ஜிபி கேம் மூன்று ஏற்றினால் நிறைந்துவிடும். மெமரியும் 10 ஜிபி மட்டுமே. பால்டர்ஸ் கேட் 3 எக்ஸ்பாக்ஸுக்கு மாதக்கணக்கில் தள்ளி 2023 டிசம்பரில் வந்ததற்குக் காரணமே, திரையை இரண்டாகப் பிரித்து ஆடும் வசதியை இந்தச் சின்னப் பெட்டியில் ஓட்ட முடியாமல் போனதுதான். கடைசியில் எஸ் மாடலுக்கு மட்டும் அதை விட்டுவிட்டு வெளியிட்டார்கள்.

மாதம் ஒரு புதுக் கேமை ருசி பார்க்கும் பழக்கம் இருந்தால் சந்தா லாபம். வருடம் முழுக்க ஒரு கால்பந்து கேம், ஒரு துப்பாக்கி கேம் என்று ஆடுகிறவருக்கு அது வீண் செலவு.

கேள்வி: இன்னும் ஒரு வருடம் பொறுத்தால் விலை குறையும்தானே?

பண்டிகைக்காக இரண்டு மாதம் பொறுப்பது வேறு, வருடக்கணக்கில் காத்திருப்பது வேறு. நான் வளர்ந்த காலத்தில் காத்திருந்தவன் புத்திசாலி. பிஎஸ்2 அமெரிக்காவில் 2000இல் 299 டாலர், 2009இல் 99. பிஎஸ்3இன் பெரிய மாடல் 2006இல் 599, மூன்றே வருடத்தில் மெலிந்த மாடல் 299க்கு வந்தது. சிப் சின்னதாகச் சின்னதாகச் செய்யும் செலவும் குறைந்தது, கம்பெனி விலையை இறக்கியது.

அந்த வழக்கம் இப்போது தலைகீழ். 499.99 டாலருக்கு வந்த பிஎஸ்5, ஐந்தாவது வருடத்தில், 2025 ஆகஸ்டில், 549.99 ஆனது. சீரிஸ் எக்ஸ் அதே வருடத்தில் இரண்டு முறை ஏறி 649.99 ஆனது. சிப் சின்னதானாலும் முன்புபோல மலிவாவதில்லை, மேலே இறக்குமதி வரி வேறு. இங்கேயும் பிஎஸ்5 2021 பிப்ரவரியில் 49,990க்கு வந்தது, அடுத்த வருடமே ஐயாயிரம் ஏறியது. ஆட ஆசையும் காசும் இன்றைக்கு இருந்தால் இன்றைக்கு வாங்குங்கள்.

கேள்வி: துபாயிலிருந்து மாமா வருகிறார். பிஎஸ்5 ப்ரோ வாங்கி வரச் சொல்லவா?

வேண்டாம். பிஎஸ்5ஐவிடப் பவர் கூடிய மாடல்தான், ஆனால் வந்தபோதே 699.99 டாலர், டிஸ்க் டிரைவ் தனி. 2024 நவம்பரில் வெளிவந்தபோது அதன் வைஃபை பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இங்கே அனுமதி இல்லாததால் இந்தியாவில் விற்பனைக்கே வரவில்லை. வெளியூரில் வாங்கியது பழுதானால் வாரண்டிக்கு அலைய வேண்டும். நல்ல பெரிய 4கே டிவி இல்லாவிட்டால் வித்தியாசமும் கண்ணில் படாது. மாமாவை இரண்டு டிஸ்க் வாங்கி வரச் சொல்லுங்கள்.

கேள்வி: கல்லூரி மாணவன். கையில் 15,000தான் இருக்கிறது. பழைய பிஎஸ்4 வாங்கலாமா அண்ணா?

வாங்கலாம் தம்பி. 2013இல் வந்த பெட்டி, புதுக் கேம்கள் வருவது குறைந்துவிட்டது. ஆனால் காட் ஆஃப் வார், பிளட்போர்ன், அன்சார்ட்டட் 4 எதையும் நீ இதுவரை ஆடவில்லை என்றால் இரண்டு வருடத்துக்குத் திகட்டாத விருந்து இருக்கிறது. அந்த டிஸ்க்குகளும் இப்போது மலிவு.

வாங்கும்போது அவசரப்படாதே. கடையில் ஒரு முறை ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒரு பழைய கன்சோலை எடுத்து வந்தேன். வீட்டில் அரை மணி நேரம் ஓடியதும் மிக்ஸி போடுவது மாதிரி இரைந்து, தானாக அணைந்தது. திறந்து பார்த்தால் ஃபேனுக்கும் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் கம்பளித் துண்டு மாதிரி தூசி அடைந்திருந்தது. சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் பாறையாகக் காய்ந்திருந்தது. ஆகவே நாற்பது நிமிடம் ஒரு கனமான கேமை ஓட்டிப் பார். டிஸ்க்கை இரண்டு முறை போட்டு எடு. உன் கணக்கில் நுழைந்து ஆன்லைன் போகிறதா என்று பார். ஆன்லைன் போகவிடாமல் கம்பெனி தடை செய்த பெட்டியை அங்கேதான் கண்டுபிடிக்க முடியும்.

கேள்வி: கரண்ட் பில் எகிறுமா?

பிஎஸ்5 பெரிய கேம் ஓடும்போது சுமார் 200 வாட் எடுக்கும். ஐந்து மணி நேரத்துக்கு ஒரு யூனிட். தினம் இரண்டு மணி நேரம் ஆடினால் இரண்டு மாத பில்லில் 24 யூனிட், டிவி தனி. ஸ்விட்ச் இதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அடிக்கடி கரண்ட் போகிற ஊர் என்றால் ஒரு யுபிஎஸ் போடுங்கள், சேவ் ஆகும் நேரத்தில் அணைந்தால் நாள் முழுக்க ஆடியது போய்விடலாம்.

கேள்வி: அப்பா ரிட்டையர் ஆகி வீட்டில் இருக்கிறார், வயது 61. கேம் பக்கமே வராதவர். அவரோடு சேர்ந்து ஆட ஏதாவது கன்சோல் இருக்கிறதா?

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. ஸ்விட்சும், அதில் நின்டெண்டோ ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸும் வாங்குங்கள். இரண்டு ஸ்டிக் வைத்த கண்ட்ரோலரை முதல் நாளே அவர் கையில் கொடுக்காதீர்கள். ஒரு கட்டைவிரலால் நடந்து, இன்னொரு கட்டைவிரலால் பார்வையைத் திருப்புவது நமக்குப் பழக்கம், புதியவருக்குத் தலை சுற்றும். இதில் பட்டன் வேலை மிகக் குறைவு. ஜாய்கானைக் கையில் பிடித்துப் பந்தை உருட்டுவது போல வீசினால் போதும், பந்து போய்ப் பாட்டில் மாதிரி நிற்கும் பின்களைச் சாய்க்கும்.

முதலில் பின் சாய்க்கும் இந்த பௌலிங் மட்டும் ஆடுங்கள். பேட்மிண்டன் இரண்டாவது வாரம். கைப்பட்டையை மணிக்கட்டில் மாட்டி இறுக்கிவிட்டு, டிவியிலிருந்து நாலு எட்டு தள்ளி நிற்கச் சொல்லுங்கள். என் அப்பா முதல் பந்தைத் தயங்கித் தயங்கித்தான் வீசினார். பத்துப் பின்னும் விழுந்ததும் திரும்பி என்னைப் பார்த்து, "இன்னொண்ணு போடவா?" என்று கேட்டார். அன்றைக்கு நாங்கள் சாப்பிட மணி பத்தரை ஆகிவிட்டது.