ஒரே மாதிரி ஒலிக்கும் ஆங்கிலச் சொற்களைக் குழப்பிக்கொள்ளாமல் எழுதுவது எப்படி?

முதலில் இவற்றை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேயர் வாயிலும் ஒன்றுபோலவே ஒலிப்பவை ஒரு ரகம். நம் வாயில் மட்டும் ஒன்றாகிவிடுபவை இன்னொரு ரகம். நம்மவர்களைப் படுத்துவது இரண்டாவதுதான் என்பது என் கணிப்பு.

விலைக்கும் பிரைஸ், பரிசுக்கும் பிரைஸ் என்கிறோம். உண்மையில் இரண்டும் வேறு ஒலி. தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். 'சி' போட்டு எழுதும் விலையில் கடைசியில் வெறும் காற்றுதான் வரும். 'இசட்' போடும் பரிசில் வண்டு ரீங்கரிப்பதுபோல் தொண்டை அதிர வேண்டும். அதற்கு முன்னால் வரும் உயிரொலியும் கொஞ்சம் நீளும். தமிழில் அந்த அதிர்வுக்குத் தனி எழுத்து இல்லாததால் இரண்டையும் 'ஸ்' என்றே முடித்துவிடுகிறோம். தொளதொள சட்டைக்கு வரும் லூஸும் தொலைப்பதற்கு வரும் லூஸும் இப்படித்தான். தொலைப்பதில் தொண்டை அதிரும், ஒரு 'ஓ'தான் வரும்.

அலுவலக மெயிலின் கடைசியில் வரும் 'ப்ளீஸ் அட்வைஸ்' இன்னொன்று. பாதிப் பேர் அதில் 'சி' போடுகிறார்கள். அங்கே அது வினைச்சொல். தொண்டை அதிரும், 'எஸ்'தான் போட வேண்டும். அறிவுரை என்ற பெயர்ச்சொல்லுக்குத்தான் 'சி'. இதைப் பிடித்துக்கொண்டால் பிராக்டிஸும் லைசென்ஸும் சுலபம். அவற்றில் பெயருக்கும் வினைக்கும் ஒலியில் வித்தியாசமே கிடையாது. ஆனாலும் பிரிட்டிஷ் முறையில் பெயருக்குச் 'சி', வினைக்கு 'எஸ்'. சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் அட்வைஸை வைத்துச் சொல்லிப் பாருங்கள்.

முதல் ரகத்துக்குக் காது உதவாது. நம் மயங்கொலிச் சொற்களைப்போல எழுதிப் பழக வேண்டியதுதான். சிலவற்றுக்கு மட்டும் சொல்லின் கதை கைகொடுக்கும். ஸ்டேஷனரியை எடுத்துக்கொள்ளுங்கள். இடைக்கால ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சுற்றி விற்றவர்கள் நிறைய. ஓரிடத்தில் கடை போட்டுப் புத்தகம் விற்றவர் ஸ்டேஷனர். லண்டனில் 1403-லேயே அவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. ஆக, பேப்பர், பேனா வகையறாவுக்கு அந்த வியாபாரியின் 'இ ஆர்' ஒட்டிக்கொண்டே வரும். நகராமல் நிற்பதற்கு 'ஏ ஆர்'. வேடிக்கை என்னவென்றால், அந்த வியாபாரிக்குப் பெயர் வந்ததே ஓரிடத்தில் நின்றதால்தான்!

அப்புறம், ஸ்பெல் செக்கை நம்பி இருக்காதீர்கள். இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் பெரும்பாலும் அது கண்டுகொள்ளாது. அது அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால் இன்னொரு தலைவலி: பிராக்டிஸுக்கு எங்கும் 'சி', லைசென்ஸுக்கு எங்கும் 'எஸ்' என்பது அவர்கள் வழக்கம். யாருக்கு எழுதுகிறீர்களோ அவர்கள் முறைக்கு அதை மாற்றிவைத்துக்கொள்ளுங்கள்.