முக்கூர்த்தியில் வரையாடு பார்க்கலாமா?

கேள்வி: கோடை விடுமுறைக்கு ஊட்டி வருகிறோம். முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் காரில் போய், வரையாடு பார்த்துவிட்டு அன்றே திரும்ப முடியுமா? – வாசகி, விருதுநகர்.

பதில்: காரில் போய் இறங்கிப் பார்க்கும் இடம் அல்ல அம்மா அது. சுமார் 78 சதுர கிலோமீட்டர் புல்வெளியும் சோலையும் சேர்ந்த அந்தக் காடு, வரையாட்டைக் காப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டது. வனத்துறை அனுமதியும் உடன்வரும் வழிகாட்டியும் இல்லாமல் கால் வைக்கக் கூடாது. தீப்பிடிக்கும் மாதங்களில் மலையேற்றத்தையே நிறுத்திவிடுவார்கள். அதனால் தேதியை உறுதிசெய்த பிறகு பஸ் டிக்கெட் எடுங்கள். சொந்த வண்டியில் நீலகிரிக்கு வருவதானால் இ-பாஸும் தேவை.

அனுமதி கிடைத்தால் பாறை விளிம்புகளைப் பாருங்கள். வயது வந்த கிடாவின் உடல் கரும்பழுப்பு. முதுகில் மட்டும் சேணம் போட்டதுபோல் வெளிர்சாம்பல் திட்டு. மந்தையில் ஒன்று சீழ்க்கை அடித்தால் உங்களைக் கண்டு மிரண்டுவிட்டது என்று பொருள். அங்கேயே நின்றுவிடுங்கள். படத்துக்காக இன்னும் நாலு அடி நெருங்குபவர்களைக் கண்டால் எனக்கு மனம் பதறுகிறது. செங்குத்துப் பாறையில் குட்டியோடு ஓடும் தாயை நினைத்துப் பாருங்கள்.

வழியில் மஞ்சள் பூவோடு நிற்கும் சீகை (வாட்டில்) மரம் அழகுதான். ஆனால் ஆங்கிலேயர் கொண்டுவந்த அந்த மரம்தான் வரையாடு மேயும் புல்வெளியை விழுங்கிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகளுக்கு அதையும் காட்டுங்கள். மழைக்காலத்தில் வந்தால் அட்டைக்கு நீளக் காலுறை அவசியம்.