டிவி எரிந்ததும் தண்டல் வாங்கி ஓடுவதை நிறுத்துங்கள்

கேள்வி: ஈரோட்டில் லைசென்ஸ் எடுத்து எலெக்ட்ரிக்கல் கான்ட்ராக்ட் செய்கிறேன். நான்கு பேர் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். ஒரே வருடத்தில் மூன்று அடி. த்ரீ ஃபேஸ் வீடு ஒன்றில் மெயின் போர்டு மாற்றிய மறுநாள் டிவி, ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் எல்லாம் எரிந்துவிட்டன, 1,12,000 கொடுத்தேன். ஜவுளிக்கடையில் டிரில் போடும்போது சுவருக்குள் இருந்த தண்ணீர் பைப் உடைந்து துணி நனைந்தது, 60,000. ஏணியிலிருந்து விழுந்த ஹெல்பருக்குக் கையில் எலும்பு முறிவு, ஆஸ்பத்திரிக்கு 85,000. மனைவி நகையை பேங்கில் வைத்தும், தினமும் கட்டும் தண்டல் வாங்கியும் சமாளித்தேன். ஒரு மில்லில் கேட்டார்கள் என்று எடுத்த 10 லட்சம் பப்ளிக் லயபிலிட்டி பாலிசி (என் வேலையால் வெளியாளுக்கு வரும் சேதத்துக்கான காப்பீடு) இருக்கிறது. க்ளெய்ம் என்று போனால் பெயர் கெட்டுவிடும் என்று அதைத் தொடவில்லை. இன்ஷூரன்ஸ் ஏஜென்டாக இருக்கும் மச்சான் போட்டுக்கொடுத்த யூலிப் என்ற முதலீட்டுக் காப்பீட்டில் வருடம் 60,000 கட்டுகிறேன். மூன்று தவணை முடிந்தது. தொழிலுக்குப் பாதுகாப்பாக, கட்டின ப்ரீமியம் திரும்பக் கிடைக்கும் பிளான் இன்னொன்று போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: வேண்டாம். ஆனால் உங்கள் பிரச்னை மச்சானின் பிளான் இல்லை. அடி விழுந்த அன்றே, யாரும் கணக்குப் பார்ப்பதற்கு முன்பே, கடன் வாங்கிப் பணத்தை நீட்டுகிறீர்கள். அதுதான் உங்களைச் சாப்பிடுகிறது. மூன்றுக்கும் சேர்த்து 2,57,000 போனது. அதில் எவ்வளவு நீங்கள் உண்மையிலேயே தரவேண்டியது?

டிவி விஷயத்தையே பாருங்கள். போர்டு மாற்றிய மறுநாள் இப்படிப் பல பொருள் சேர்ந்து எரிந்தால், பெரும்பாலும் நியூட்ரல் வயர்கள் சேரும் லிங்க் சரியாக இறுக்கப்படவில்லை என்று அர்த்தம். நியூட்ரல் விட்டுப்போனால் லோடு குறைவான ஃபேஸில் 230 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் 400-ஐ நெருங்கும். தவறு உங்கள் பக்கம்தான், சரி. ஆனால் ஏற்கெனவே ஓடிய டிவிக்குப் புது டிவி விலையை யார் கொடுக்கச் சொன்னது? இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் வந்திருந்தால் தேய்மானம் கழித்திருப்பார், டிவிக்குள் இருக்கும் போர்டு மட்டும் மாற்றினால் ஓடுமா என்றும் பார்த்திருப்பார். 1,12,000 பாதியாகக் குறைந்திருந்தால் ஆச்சரியமில்லை. ஜவுளிக்கடையிலும் அப்படித்தான். நனைந்த துணி குப்பைக்குப் போகாது, தள்ளுபடியில் விற்கும். அந்த விலையைக் கழிக்காமல் முழுப் பணத்தையும் கொடுத்திருக்கிறீர்கள்.

இப்போது பழைய மூன்றையும் க்ளெய்ம் செய்யலாமா என்று கேட்பீர்கள். கஷ்டம். லயபிலிட்டி பாலிசிகளில் வழக்கமாக ஒரு நிபந்தனை இருக்கும்: கம்பெனியின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்ளவோ, பணம் தரவோ, தருவதாகச் சொல்லவோ கூடாது. நீங்கள் மூன்றையும் செய்துவிட்டீர்கள்.

அடுத்த முறை மெயினை அணைத்து, மல்டிமீட்டர் ரீடிங்கோடு போர்டைப் படம் எடுங்கள். எரிந்த லக் (வயர் முனை), எம்.சி.பி. (ட்ரிப் ஸ்விட்ச்) எதையும் தூக்கிப் போடாதீர்கள். கஸ்டமரிடம், "பாலிசி இருக்குங்க, சர்வேயர் வந்து பார்க்கணும், எரிஞ்ச பொருளை அப்படியே வைங்க, என்ன நஷ்டம்னு ஒரு லெட்டர் கொடுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். "தப்பு என்னோடதுதான்" என்று வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள். கம்பெனிக்கு அன்றே ஈமெயில். இதனால் பெயர் கெடாது. பாலிசி வைத்திருக்கும் கான்ட்ராக்டரைத்தானே மில்காரர்கள் தேடினார்கள்?

பாலிசி எல்லாவற்றையும் தரும் என்றும் நினைக்காதீர்கள். நீங்கள் போட்ட போர்டைத் திரும்பச் சரிசெய்யும் செலவு உங்களுடையது. அந்தக் கோளாறால் மற்றவர் பொருளுக்கு வந்த சேதம்தான் க்ளெய்ம். ரிப்பேருக்காக உங்கள் கைக்கு வந்த மோட்டார் உங்களிடமே கெட்டால் பெரும்பாலும் விலக்கு. முக்கியமாக, வேலையை முடித்து ஒப்படைத்த பிறகு வரும் சேதம் எல்லா பாலிசியிலும் கிடையாது. உங்கள் டிவி கேஸே அந்த வகைதான். "கம்ப்ளீட்டட் ஆபரேஷன்ஸ்" என்ற கவர் உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று இந்த வாரமே எழுதிக் கேளுங்கள். மில்லுக்காக அவசரத்தில் எடுத்த பாலிசி என்பதால் இருக்காது என்றே சந்தேகப்படுகிறேன்.

ஹெல்பர் விஷயம்தான் எனக்கு உண்மையில் பயமாக இருக்கிறது. உங்கள் பப்ளிக் லயபிலிட்டி வெளியாளுக்கு. உங்கள் ஆளுக்கு இல்லை. பத்துப் பேருக்குக் கீழே என்பதால் இ.எஸ்.ஐ.யும் கட்டாயம் இல்லை. அதே ஏணியில் 25 வயதுப் பையன் உயிர் போயிருந்தால், சட்டப்படி பணியாளர் இழப்பீட்டுக் கணக்கு இது: 15,000 சம்பள உச்சவரம்பில் பாதி 7,500, அதை அந்த வயதுக்கான காரணி 216.91-ஆல் பெருக்கினால் சுமார் 16.27 லட்சம். நீங்கள் தினக்கூலி கொடுத்தாலும், நோட்டில் பெயரே இல்லாவிட்டாலும் தப்ப முடியாது. தாமதித்தால் 12 சதவிகித வட்டி வேறு. வருடம் 20 ரூபாய் கட்டும் பிரதமர் விபத்துக் காப்பீடோ, நல வாரியப் பதிவோ அவர்களுக்கு நல்லதுதான், செய்து கொடுங்கள். ஆனால் அவை உங்கள் பொறுப்பைக் குறைக்காது.

அதற்கென்றே எம்ப்ளாயீஸ் காம்பன்சேஷன் பாலிசி இருக்கிறது. மருத்துவச் செலவு பல நேரம் தனி ப்ரீமியம் கட்டிச் சேர்க்கவேண்டியது. அதை விட்டால் 85,000 மாதிரிச் செலவு மறுபடி உங்கள் தலையில்தான். நான்கு பேரையும் காட்டுங்கள். ப்ரீமியம் குறையட்டும் என்று இரண்டு பேரை மட்டும் காட்டுவது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது, க்ளெய்ம் இடிப்பதும் அங்கேதான்.

இதற்கெல்லாம் பணம்? உங்கள் யூலிப்பிலேயே இருக்கிறது. அது முதலீடும் கொஞ்சம் ஆயுள் காப்பீடும்; கஸ்டமரின் டிவிக்கும் ஹெல்பரின் கைக்கும் ஒரு ரூபாய் தராது. நான்காவது தவணையை நிறுத்தினால் பணம் நிறுத்தப்பட்ட பாலிசிகளுக்கான ஃபண்டுக்குப் போகும், உங்கள் ப்ரீமியத்துக்கு அந்த வருடம் 2,000 ரூபாய்க்கு மேல் பிடிக்க முடியாது, பாலிசி தொடங்கி ஐந்து வருடம் முடிந்ததும் எடுக்கலாம். ஆயுள் கவர் நின்றுவிடும் என்பதால் முதலில் ஆயுள் கவர் மட்டும் தரும் ஒரு சாதாரண டேர்ம் பாலிசி எடுத்துவிட்டு நிறுத்துங்கள். மீதியில் தொழில் பாலிசிகள் இரண்டுக்கும் ஜி.எஸ்.டி.யோடு 30,000 ஆனாலும் கையில் கொஞ்சம் மிஞ்சும். அதைத் தனிக் கணக்கில் போடுங்கள். ஒவ்வொரு க்ளெய்மிலும் முதல் பகுதி உங்கள் பங்கு என்று பாலிசியில் எழுதியிருக்கும், அதற்கும் சில்லறைச் சேதத்துக்கும் அதுதான். மச்சானிடம் சண்டை வேண்டாம். "தொழில் பாலிசி உங்க கம்பெனியில இருந்தா கொட்டேஷன் கொடுங்க மச்சான்" என்று கேளுங்கள். ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி அதை விற்காது, பேச்சு அங்கேயே முடியும்.

தண்டலுக்கு வருகிறேன். ஒரு லட்சத்துக்கு 10,000 பிடித்து 90,000 கொடுத்து, நாள் ஒன்றுக்கு 1,000 வீதம் நூறு நாள் என்றால், சராசரியாக உங்கள் கையில் நிற்பது 45,000 தான். அதற்கு நூறு நாளில் 10,000. வருடத்துக்கு 80 சதவிகிதம். வட்டியை முன்னாலேயே பிடித்துவிட்டதால் சீக்கிரம் அடைத்தாலும் தண்டல்காரர் குறைக்கப்போவதில்லை, ஓடுகிறதை ஓடவிடுங்கள். அடுத்தது வாங்காதீர்கள். நகைக் கடனை அதற்குப் பிறகு மாதாமாதம் அடையுங்கள்.

கடைசியாக, இந்த லயபிலிட்டி பாலிசிகள் பல, க்ளெய்ம் வரும் நாளில் நடப்பில் இருந்தால்தான் தரும். புதுப்பிக்காமல் இடைவெளி விட்டால் பழைய வேலைகளுக்கான பாதுகாப்பும் போய்விடும். கெடு தேதிக்கு ஒரு மாதம் முன்னாலேயே ஃபோனில் அலாரம் வையுங்கள். கம்பெனி மறுத்தாலோ 30 நாளாகியும் பதில் இல்லை என்றாலோ ஒரு வருடத்துக்குள் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஓம்புட்ஸ்மேனுக்கு எழுதலாம். உங்களைப் போன்ற தனி உரிமையாளர்களின் பாலிசியையும் அவர் விசாரிப்பார், கட்டணம் கிடையாது.