ருசி கேள்வி – பதில்: ஷிராஸும் சிவப்புக் கலவையும்

கேள்வி: ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் பாட்டிலில் 'மிளகு, புகை, கறுத்த பழம்' என்று போட்டிருக்கிறது. எனக்கு எரிச்சலும் புளிப்பும்தான் தெரிகின்றன. ஏன்?
– வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: சூடுதான் முதல் காரணமாக இருக்கும். டர்பன் கோடையில் 28 டிகிரி அறையில் வைத்த ஷிராஸில், 14.5 சதவீத ஆல்கஹால் முந்திக்கொண்டு மூக்கில் ஏறி, மற்ற வாசங்களை அமுக்கிவிடும். திறக்குமுன் ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். 16 முதல் 18 டிகிரி சரி. அதற்கும் கீழே போனால் பழ வாசம் அடங்கி, துவர்ப்புதான் தூக்கலாக நிற்கும்.

வாய் குறுகிய கிளாஸில் 50 மில்லி மட்டும் ஊற்றுங்கள். சுழற்றாமல் ஒரு முறை, சுழற்றி ஒரு முறை முகருங்கள். ஒரு மடக்கை ஐந்தாறு விநாடி வாயெல்லாம் பரவவிட்டுத் துப்புங்கள். எச்சில் ஊறினால் அது புளிப்பு. ஈறும் கன்னமும் வறண்டு இழுத்தால் அது டானின் என்ற துவர்ப்புப் பொருள். தொண்டையில் காந்தினால் ஆல்கஹால். இந்த மூன்றையும் தனித்தனியே குறித்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. 'கனமான ஒயின்' என்றால், தண்ணீராக ஓடிவிடாமல் பாலைப்போல நாக்கில் தங்குவது.

மிளகு வாசம் கற்பனை இல்லை. ரோட்டண்டோன் என்ற சேர்மம் மிளகிலும் உண்டு, ஷிராஸ் திராட்சைத் தோலிலும் உண்டு. ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மூக்குக்கு அது எட்டாது; நீங்களும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். ருசிக் குறிப்பில் பழத்துக்கு நாவல்பழம் என்றே எழுதுங்கள். பிளாக்பெர்ரியைத் தின்றறியாதவர் அந்தப் பெயரை எழுதி என்ன பயன்?

கேள்வி: கலவை ஒயினில் எதைக் கவனிப்பது?
– வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: இங்கே தென்னாப்பிரிக்காவில் ஒரே திராட்சையின் பெயரைப் போட 85 சதவீதம் இருந்தால் போதும், ஆகவே 'ஷிராஸ்' பாட்டிலிலும் வேறு திராட்சை கொஞ்சம் கலந்திருக்கலாம். கலவையில் கபர்னே திராட்சை ஈறைப் பிடிக்கும், மெர்லோ திராட்சை நடுநாக்கை மென்மையாக்கும், ஷிராஸ் பழத்தையும் மிளகையும் தரும். 'கேப் கலவை' என்றால் பினோடாஜைத் தேடுங்கள். 1925-இல் ஸ்டெல்லன்போஷில் பினோ நுவார், சான்சோ என்ற இரு திராட்சை வகைகளை இணைத்து உருவாக்கிய திராட்சை அது. ஒன்றே மற்றவற்றை விழுங்கினால் அது நல்ல கலவை இல்லை. வெனிலா, காபி வாசம் மட்டுமே மிஞ்சினால் ஓக் மரப் பீப்பாயின் வாசம் மிகுந்துவிட்டது என்று எழுதுங்கள்.

கேள்வி: நனைந்த அட்டை நாற்றம் வருகிறது. காற்றாட வைத்தால் போகுமா?
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: போகாது, அது தக்கையால் வந்த கேடு, கடையில் மாற்றிக் கேளுங்கள். தீக்குச்சி வாசம் என்றால் வேறு கதை: ஜாடியில் ஊற்றி இருபது நிமிடம் விட்டால் பெரும்பாலும் கலைந்துவிடும்.