ஒரு சாண் தாழ்வாரம்

அன்புள்ள ஐயா,

நான் கட்டடக்கலை இறுதியாண்டு மாணவன், ஊர் காட்பாடி. இலங்கையின் கடற்கரை விடுதிகளை ஜெஃப்ரி பாவா போன்ற அந்நாட்டுக் கட்டடக் கலைஞர்களே வடிவமைத்துப் பெயர் பெற்றதைப் படித்தேன். நம் ஊர்க் கொத்தனார்களை வைத்துக்கொண்டு இங்கே அப்படி எதையும் செய்ய முடியாது என்று தோன்றுகிறது. மேற்படிப்புக்கு நான் வெளிநாடு செல்லலாமா?

*

அன்புள்ள தம்பி,

மேற்படிப்பைப் பற்றி உங்கள் ஆசிரியர்களைக் கேளுங்கள். சில வாரங்களாகப் பாவாவின் பெந்தோட்டை விடுதியே என் நினைவில் இருந்ததால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். ஆனால் கொத்தனார்களைப் பற்றிய அந்த வரியை நீங்கள் எழுதியிருக்கவே கூடாது.

வழக்கறிஞராக இருந்து, 1957-இல், 38 வயதில் கட்டடக் கலைஞரானவர் பாவா. 1960-களின் இறுதியில் அவர் பெந்தோட்டையில் கட்டியபோது இலங்கையில் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்ததால், கல், மரம், ஓடு, கைத்தறி என்று அங்கே கிடைத்ததையும் அங்கிருந்த கைகளையும் நம்பியே வேலை நடந்தது. வரவேற்புக் கூடத்தின் விதானம் முழுக்க இலங்கைத் துணிக்கலைஞர் எனா டி சில்வாவின் பத்திக் துணிகள், அதாவது மெழுகிட்டுச் சாயமேற்றியவை. இலங்கையிலேயே 1994-இல் திறந்த கண்டலம விடுதியைக் குன்றோரத்தில் தூண்கள்மேல் நிறுத்தினார், மழைநீர் தடையின்றி அடியில் ஓடுவதற்காக. இதே பாவா 1970-களில் மதுரையில் ஒரு மனமகிழ் மன்றக் கட்டடத்தை, இடித்த பழைய வீடுகளின் தூண்களையும் கதவுகளையும் உள்ளூர்க் கல்வேலையோடு சேர்த்து எழுப்பினார். நம் ஊர்க் கைகளால் ஆகாது என்று அவர் நினைக்கவில்லை. நீங்கள் ஏன் நினைக்கிறீர்கள்?

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது குடியாத்தத்தில் எங்கள் தாத்தா வீட்டுக்கு ஓடு மாற்ற வந்த கொத்தனார், ஒரு குடம் தண்ணீரைக் கூரையில் ஊற்றச் சொல்லிவிட்டுக் கீழே குந்தி உட்கார்ந்தார். சொட்டுகள் விழுந்த இடத்தில் கால் கட்டைவிரலால் மண்ணில் கோடு கிழித்து, "திண்ணை நனையக் கூடாதுன்னா தாழ்வாரம் இன்னும் ஒரு சாண் வரணும்" என்றார். அந்த ஒரு சாணை அவருக்கு எந்தக் கல்லூரியும் கற்றுத்தரவில்லை.

பின்னாளில் அந்த வீட்டை இடித்து, பட்டம் பெற்ற ஒருவர் வரைந்து கொடுத்தபடி கான்கிரீட் வீடு கட்டினோம். மேற்குச் சன்னலுக்கு மேலே ஒரு சஜ்ஜாகூட அவர் வைக்கவில்லை. முதல் அக்கினி நட்சத்திரத்திலேயே தாத்தா பாயைச் சுருட்டிக்கொண்டு எதிர்வீட்டுத் திண்ணைக்குப் படுக்கப் போனார். அவர் இறக்கும்வரை எல்லாக் கோடையிலும் அங்கேதான் படுத்தார்.